ஞாயிற்றுக்கிழமைத் தையல்

எங்கள் வீட்டுக்கும் காலர் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் என் அலமாரியில் கரண்டிகள் கிணுகிணுக்கும். ரொட்டி வெந்தால் அந்த வாசனை எந்த வழியாக வருகிறது என்றே தெரியாமல் எங்கள் படுக்கை வரைக்கும் வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசனை வந்துவிட்டால் பின்னல் பையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போய்விடுவேன். வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே, "ஆபீஸ் கிளம்பிட்டியா?" என்று கேட்பார்.

தையல் ஃபாக்டரிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள் எங்களுடையவை. சாயப் பிரிவில் அன்றைக்கு எந்த நிறம் போகிறதோ அந்த நிறத்தில் சாக்கடை ஓடும். காற்றடித்தால் கொடியில் காயும் துணி மேல் பஞ்சு ஒட்டும். தெருவில் பாதிப் பேர் ஃபாக்டரியில் வேலை பார்த்தார்கள். யாரும் அங்கே முழுச் சட்டை தைக்கிறவர்கள் இல்லை. எதிர்வீட்டுக்காரி கை தைப்பாள், முனை வீட்டுக்காரி பாக்கெட், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி பட்டன். நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு சட்டை கிடைத்துவிடும் என்று சொல்லிச் சிரிப்போம். அக்கா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து காலர்தான். கூர்முனையைத் திருப்பி, உள்ளே தடித்த துணி வைத்து, ஓரத்திலிருந்து நூலிழை பிசகாமல் ஒரு தையல். அடுத்தது. மறுபடி அடுத்தது. அவள் கையால் காலர் வைத்த சட்டைகள் எந்தெந்த ஊரில் யார் யார் கழுத்தில் இருக்கின்றனவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆறு நாளும் இப்படி நேர்கோட்டில் போன கை ஏழாவது நாள் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் நான் போவேன் என்றுகூடச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் அளவு டேப்பைத் தொடமாட்டாள். சாக்கில் கிடக்கிற வெட்டுத்துணிக்குள் பார்க்காமல் கையை விடுவாள். கிடைத்த துண்டை ஏற்கெனவே தைத்ததோடு வைத்துப் பார்ப்பாள். மனசு ஒப்பினால் ஒட்டுவாள், இல்லாவிட்டால் திரும்பச் சாக்கு. முக்கோணம், கோணல் சதுரம், யாரோ வெட்டித் தப்பாய்ப் போன கைத்துண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு போர்வை ஆவதற்கு மாசக்கணக்கில் ஆகும். முடிந்ததை விரித்துப் பார்த்தால் வெள்ளம் வடிந்த வயல் மாதிரி இருக்கும். வரப்பெல்லாம் வளைந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தப் போர்வைகளை அவள் கொடுப்பாள். கேட்டவர்களுக்குக் கொடுக்கமாட்டாள். தோன்றினால் கொடுப்பாள். பட்டன்காரிக்குக் குழந்தை குறைமாசத்தில் பிறந்தபோது ஒன்று போயிற்று. கேட்டுக்கேட்டுச் சலித்த முனைவீட்டுக்காரிக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. எனக்கு ஒன்று கிடைத்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்காரரைத் தெருவே ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடும். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்தவர். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே எந்த வண்டிக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். டிப்போவில் அவர் நடந்து வந்தால் டீ குடித்துக்கொண்டிருக்கிறவன் டம்ளரை ஒளிப்பான். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் தூங்கினார். பிறகு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து வருகிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொன்னார். "கிளட்ச் தேய்ஞ்சு போச்சு, இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னால் எந்த டிரைவருக்குப் பிடிக்கும்? ஒருவன், "ஐயா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத் திரும்பி வந்தவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அங்கே ஒரு மெஷினும் ஒரு ஓவனும் ஒரு பெண்டாட்டியும் இருந்தார்கள்.

முதலில் எல்லாம் நல்லதுக்காகத்தான் இருந்தது. ஓவன் கதவு பல வருஷமாகச் சரியாக மூடாது, அக்கா ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பாள். ஃபோர்மேன் பஸ் கதவின் கீல் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதன்பின் ரொட்டி மேலே கருகாமல் உள்ளேயும் வெந்தது. மெஷினைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார். மிதித்தால் பழைய கிறீச்சிடல் இல்லை, சீராக ஓடியது. அக்காவுக்குச் சந்தோஷம்தான். அப்புறம் சுவரில் ஒரு பலகை வந்தது. அதில் கத்தரிகளை மாட்ட ஆணி, ஒவ்வொரு கத்தரியைச் சுற்றியும் பென்சிலால் கோடு, எந்தக் கத்தரி எங்கே என்று தெரிவதற்காக. மெஷினுக்கு எதிரே ஒரு கடிகாரம் வந்தது. மாவு பிசைகிற நேரம், உப்புகிற நேரம், ஓவனில் வைக்கிற நேரம் என்று ஒரு அட்டை சமையலறைக் கதவில் தொங்கியது.

"என்னக்கா இது, டிப்போவை இங்க மாத்திட்டாரா?" என்று கேட்டேன்.

"பாவம்டி. கைக்கு வேல இல்லாம தவிக்கிறாரு. மாட்டிட்டுப் போகட்டும்" என்றாள். பின்னிக்கொண்டிருந்த உல்லனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் கடிகாரம் மட்டும் ஓடாது. பேட்டரிய நான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவின் மகளும் அங்கே இருந்தோம். மகளுக்குக் கல்யாணமாகி, ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலையும் பார்க்கிறாள். எங்களுக்கு இன்னமும் பாப்பாதான். பாப்பா சூடான ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஃபோர்மேன் இரும்பு ஸ்கேலோடு வந்து, அக்கா தைத்து முடித்திருந்த பக்கத்தில் வைத்து அளந்தார்.

"இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை குறையுது."

"இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? மூல சேராது."

"சேர வேண்டாம்."

"மூல சேராத போர்வ எதுக்கு?"

"போத்திக்கிறதுக்கு" என்றாள் அக்கா. "மூலயவா போத்திக்கப் போறோம்?"

பாப்பா சிரித்ததில் ரொட்டித் துணுக்கு புரையேறிவிட்டது. ஃபோர்மேனும் சிரித்தார். ஆனால் ஸ்கேலைக் கீழே வைக்கவில்லை.

லாட்ஜ்காரர் வந்தது ஒரு வேலைநாளில். பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் வைத்திருக்கிறவர், ஃபோர்மேனுக்குப் பழைய சிநேகிதம். மேலே புதுசாக ஒரு மாடி எழுப்பி, திறப்பதற்கு நாள் குறித்திருந்தார். டீ குடிக்க உட்கார்ந்தவர் நாற்காலி மேல் கிடந்த போர்வையைப் பார்த்திருக்கிறார். "இது யார் கைவேல?" என்று அவர் கேட்டதும் ஃபோர்மேனுக்கு நெஞ்சு விம்மிப்போயிருக்கும். பேச்சு வளர்ந்து, டீ ஆறுவதற்குள் புது மாடியின் எல்லாக் கட்டிலுக்கும் போர்வை தைத்துக் கொடுப்பதாக முடிந்துவிட்டது. எல்லாம் ஒரே அளவு. நீலமும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாக. "வாக்குன்னா வாக்கு" என்று கை கொடுத்திருக்கிறார். மறுநாளே துணியை இறக்கிவிட்டார்கள்.

நான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. நனையக் கூடாது என்று பாதித் துணி மூட்டைகளை எங்கள் கூரைக்குக் கீழே அடுக்கியிருந்தார்கள். என் கதவைத் திறக்க வழியில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்று அங்கே எட்டிப் பார்த்தேன். முன்னறை முழுக்கத் துணி. ஃபோர்மேன் ஒரு சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, இன்னொன்றால் தரையில் நாளுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வெட்டுத்துணிச் சாக்கு வாயைக் கட்டி, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தது.

அக்கா எனக்குப் பின்னால்தான் வந்தாள். குடையை மடக்கினாள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்தபடியே பார்த்தாள்.

"இது என்ன?"

"உக்காரு, சொல்றேன்" என்றார் ஃபோர்மேன். முகமெல்லாம் பல். "லாட்ஜ்ல இருந்து ஆர்டர். புது மாடி மொத்தத்துக்கும். ஊரே வந்து தங்கிட்டுப் போற எடம். ஒவ்வொரு கட்டில்லயும் உன் கை இருக்கும்."

"யாரு ஒத்துக்கிட்டது?"

"நான்தான். உனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. வெட்டறது நான், அடுக்கறது நான், அயர்ன் நான். நீ சாயங்காலம் வந்து தெச்சா போதும். ஞாயித்துக்கிழமை முழுசா உக்காந்தா கணக்கு சரியா வருது. கட்டம் போட்டுட்டேன் பாரு."

அக்கா கட்டத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு, ஓரம் பிசகாமல்.

"நான் தெக்கல" என்றாள்.

"களைப்பா இருப்ப. டீ போடட்டா?"

"களைப்பு இல்ல. தெக்கல."

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் போய்விடலாம் என்றால் என் வீட்டுக் கதவு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

"உனக்குக் கூச்சம்" என்றார் அவர் பொறுமையாக. "இத்தன நாளும் யாரும் தட்டிக் கொடுக்கல. உன் திறமய ஒரு மூலயில போட்டு மூடி வச்சிருக்கோம். இப்பதான் வெளிய கொண்டு வர்றேன்."

"யாரு மூடினது? நானா உங்ககிட்ட வந்து, என்ன வெளிய கொண்டு வாங்கன்னு கேட்டேன்?"

"கேக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

"தெரியலயே." அக்கா டப்பாவை ஒரு மூட்டை மேல் வைத்தாள். "திங்கக்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும் ஒருத்தன் என் பின்னால நின்னுகிட்டு இப்படி வெட்டு, இப்படி மடி, இத்தன பீஸ் குடுங்கறான். சரி, அது வேல, அதுக்குக் கூலி வாங்கறேன், செய்யறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நான் யாரையும் கேக்காம தெக்கிறேன். அது கோணலா போனாலும் என் கோணல். அதையும் கொண்டு போய் அளவுல கட்டிட்டீங்கன்னா எனக்கு எங்கதான் எடம்?"

"பிரமாதமா சொல்லிட்ட. வாக்கு குடுத்தாச்சே, அதுக்கு என்ன பண்றது? சர்வீஸ்ல ஒரு நாள் என் வாக்கு பிசகினதில்ல."

"வாக்கு குடுத்தது யாரு?"

"நான்."

"வாய் உங்களோடது. கையும் உங்களோடதாவே இருக்கட்டும்."

ஃபோர்மேன் காதிலிருந்த சாக்பீஸை உருவினார். "நான் தெக்கறதா?"

"மெஷினப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவருக்கு மிதிக்கத் தெரியாதா? திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பகல் பூரா மெஷின் சும்மாதானே கெடக்குது? எடுத்துக்கங்க. ஞாயித்துக்கிழமை என்னோடது. அன்னைக்குத் தொடக்கூடாது."

"சரி" என்றார் ஃபோர்மேன் ரோஷத்தோடு. "என்ன பெரிய வித்த."

அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள். அப்புறம்தான் நனைந்த புடவையை மாற்றப் போனாள்.

அந்த மாசம் என் கரண்டிகளுக்கு ஓய்வே இல்லை. கடைக்கு விடுமுறையான ஒரு நாள் நான் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு மிதி ஓடும். நிற்கும். ஏதோ முணுமுணுப்பு. மறுபடி நாலு மிதி. ஊசி உடைகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், அது நாலைந்து தடவை கேட்டது. தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. டிப்போ ஆட்கள் இரண்டு பேர் வேண்டுமென்றே அந்தப் பக்கம் வந்து, "ஃபோர்மேன், என் பனியன் கிழிஞ்சிருக்கு" என்று ஜன்னலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் பேசினதுதான் மோசம். ஃபாக்டரிக்கு நடக்கிற வழியில் முனைவீட்டுக்காரி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள். "கட்டினவன் மெஷின்ல குனிஞ்சு கெடக்கறான், இவ காலாட்டிட்டு உக்காந்து உல்லன் பின்றா. கல்லு மனசு வேணும் அதுக்கு."

அக்கா திரும்பி நின்றாள். "கல்லுதான். உனக்கு அதுல என்ன கஷ்டம்?" என்றாள். அவ்வளவுதான். முனைவீட்டுக்காரி செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் நான் போனால், முனைவீட்டுக்காரி சொன்னபடியேதான் இருக்கும். அவர் மெஷினில், இவள் எதிரே நாற்காலியில் பின்னலோடு. வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் எடுத்த பின்னல்தான். ஆனால் அந்த அரைமணியைத்தான் தெரு பார்த்தது.

"கீழ்நூல் சிக்குது" என்பார் ஃபோர்மேன்.

அக்கா பின்னலில் அடுத்த வரிசைக்குப் போவாள்.

"கீழ்நூல் சிக்குதுங்கறேன்."

"மெஷின்கிட்ட கேளுங்க. காது கொடுத்துக் கேட்டா எங்க நோவுன்னு சொல்லும்னு சொல்வீங்களே."

அவர் முறைத்தார். அப்புறம் உண்மையிலேயே தலையைச் சாய்த்துக் கேட்டார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். கீழ்நூல் சுற்றின பாபினைக் கூட்டோடு வெளியே எடுத்துத் திருகாணியைத் துளி தளர்த்திப் போட்டார். ஓடியது. அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை அவர் எங்கள் இரண்டு பேருக்கும் காட்டாமல் மறைக்கப் பார்த்தார்.

போகப்போகத் தையல் நேராயிற்று. நேரென்றால் சும்மா நேர் இல்லை, அவரை ஃபாக்டரியில் காலர் தைக்கிற வரிசையில் உட்கார வைக்கலாம். சதுரத்தோடு சதுரம் முனை சேர்ந்து நின்றது. அக்கா ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் ஒன்றைத் தொட்டுத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். மறுபடி அடுக்கிலேயே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தாள்.  தையல் நன்றாக வந்திருப்பது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாள் நெருங்க நெருங்கக் கணக்கு உதைத்தது. அவர் போட்ட கட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வேலைநாளாக இருந்தன. லாட்ஜ் திறப்பு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா வந்தாள், அப்பா வரச் சொல்லியிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. நானும் இருந்தேன். அக்கா ஷிப்ட் முடிந்து வந்ததும் மறுநாள் ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் விட்டுக் கொடேன். அப்பா நாலஞ்சு போர்வைதான் பாக்கிங்கறார்."

"ம்."

"ம் இல்ல. ஊர் முன்னால அவர் தலை குனிஞ்சா உனக்குச் சந்தோஷமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஒரே ஒரு நாள்."

அக்கா சல்லடையைத் தட்டினாள். "நீ பொறந்தப்ப ஃபாக்டரில ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் கேட்டாங்க. ஒரே ஒரு நாள்னுதான் கேட்டாங்க. போனேன். அடுத்த வாரமும் ஒரே ஒரு நாள். நீ குப்புற விழுந்தத நான் பாக்கல, எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் போய் சூப்பர்வைசர்கிட்ட, இனிமே ஞாயித்துக்கிழமை வர மாட்டேன், வேலய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கங்கன்னு சொன்னேன். எடுக்கல. அப்படி வாங்கின நாளுடி இது. இத ஒரு தடவ குடுத்தா அதுக்குப் பேரு ஞாயித்துக்கிழமை இல்ல, ஏழாவது ஷிப்ட்."

"அது ஃபாக்டரி. இது அப்பா."

"அதனாலதான் இன்னும் கஷ்டமா இருக்கு" என்றாள் அக்கா.

பாப்பா கோபத்தில் மாவு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அன்று இரவு அங்கேயே தங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நல்ல மழை. ஓட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே மெஷின் ஓடுவது எனக்குக் கேட்டது. அது அக்காவின் மிதி இல்லை. அக்கா மிதித்தால் நடுவில் நின்று நின்று, யோசித்து யோசித்து ஓடும். இது நிற்காமல் ஓடியது. வீட்டுக்காரரை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

அக்கா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. பிசைந்து முடித்து உருட்டினாள். அகலப் பாத்திரத்தில் வைத்து ஈரத்துணி போட்டு மூடினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். எதிலும் அவசரமில்லை. பிறகு முன்னறைக்கு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஃபோர்மேன் நிமிரவில்லை. "மத்தியானம் வரைக்கும்" என்றார்.

"எழுந்திரிங்க."

"இந்த ஒண்ண முடிச்சிடறேன்."

"எழுந்திரிங்க."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. அக்கா குனிந்து, சக்கரத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த தோல் பெல்ட்டை விரலால் நெம்பினாள். பெல்ட் கழன்று விழுந்தது. அவர் கால் சும்மா மிதித்தது. ஊசி துணியில் குத்தினபடி நின்றது.

ஃபோர்மேன் எழுந்தே விட்டார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. "ஓடற மெஷின்ல கைய வைக்கிறியா? விரல் போயிருந்தா? நாளைக்கு நான் லாட்ஜ்காரன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? சொல்லு. ஊரே சிரிக்குது, சிரிக்கட்டும்னு உக்காந்து தெச்சேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் குடுக்க மனசு வரலயா உனக்கு?"

"உங்க டிப்போல," என்றாள் அக்கா, அவள் குரல் உயரவேயில்லை, "ஷிப்ட் முடிஞ்சும் வண்டிய விட்டு எறங்காம ஸ்டியரிங்கப் பிடிச்சுகிட்டு உக்காந்திருக்கற டிரைவர என்ன செய்வீங்க?"

ஃபோர்மேன் கழன்று கிடந்த பெல்ட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க. அடுத்த ஷிப்ட்காரன் கீழ நிக்கிறான். என்ன செய்வீங்க?"

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"எறக்கி விடுவேன்" என்றார்.

"அப்ப எறங்குங்க."

படுக்கையறை வாசலில் பாப்பா நின்று அழுதுகொண்டிருந்தாள். ஃபோர்மேன் ஊசியைத் தூக்கித் துணியை உருவினார். நீல வெள்ளைக் குவியல் முழுவதையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வாசல்பக்கம் போனார். அக்கா பெல்ட்டை மாட்டினாள். சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரொட்டியை ஓவனில் வைக்க அவள் சமையலறைக்குப் போனபோது நானும் பின்னால் போனேன்.  தட்டு ஓவன் கம்பியில் இடித்து டகடகவென்றது.

"குடுக்கா, நான் வைக்கிறேன்."

"வேண்டாம்." வைத்தாள். கதவைச் சாத்தினாள். "பாரு, கை எப்படி ஆடுதுன்னு. கொலையா பண்ணிட்டேன்? என் மெஷின்ல நான் உக்காந்தேன். அதுக்கு இப்படி ஆடுது."

"குடுத்துட்டிருந்தா ஒண்ணும் குறைஞ்சிருக்காதுன்னு இருக்கா உனக்கு?"

யோசித்தாள். "அவருக்குக் குறைஞ்சிருக்காது" என்றாள்.

அன்றைக்கு அவள் எழுந்திருக்காமல் தைத்தாள் என்று சொன்னால் பொய். சரியாகவே தைக்கவில்லை. இரண்டு துண்டை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டினாள். ஆனால் நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோர்மேன் வாசலில் சாரல் படாத மூலையில் உட்கார்ந்து, கையூசியால் தைத்துக்கொண்டிருந்தார். டிப்போ கைக்குக் கையூசி அடங்கவில்லை. வெள்ளைச் சதுரத்தில் அங்கங்கே ரத்தப்பொட்டு விழுந்தது. ரொட்டி வெந்ததும் அக்கா பெரிய துண்டாக அறுத்து, வெண்ணெய் போட்டு, டீயோடு கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அவர் வெகுநேரம் தொடவில்லை. பிறகு சாப்பிட்டார். பாப்பாதான் அம்மாவோடு பேசாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தள்ளுவண்டியில் போர்வைகளை ஏற்றிக்கொண்டு ஃபோர்மேன் போனார். எண்ணிக்கை குறைந்தது. லாட்ஜில் நடந்ததை அவரே பிறகு எங்களிடம் சொன்னார். லாட்ஜ்காரர் சத்தம் போட்டிருக்கிறார். "திறப்பு விழாவுக்கு ஆள் வர்ற நேரத்துல இப்படிப் பண்ணா எப்படி ஃபோர்மேன்? உங்க வாக்க நம்பித்தானே இருந்தேன்?"

"நான் குடுத்த வாக்கே தப்பு" என்று இவர் சொல்லியிருக்கிறார். "இன்னொருத்தர் கைய வச்சு நான் வாக்கு குடுத்துட்டேன். மிச்சத்த மாசக் கடைசில தர்றேன். வேண்டாம்னா துணியத் திருப்பிடறேன்."

லாட்ஜ்காரர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தையல் என்னமோ பிரமாதம். தங்கச்சி கைன்னா கைதான்" என்றாராம்.

"அது அவ தெச்சதில்ல. நான் தெச்சது."

"அவன் சிரிச்சான் பாரு" என்று சொன்னார் ஃபோர்மேன், "கவுன்டர் மேல கைய ஊனிகிட்டு சிரிச்சான். நான் நின்னுகிட்டிருந்தேன். சிரிச்சு முடிச்சிட்டு, நெசமாவான்னு கேட்டான். நெசந்தான்னேன். அப்புறம் சிரிக்கல. வாங்கி வச்சுகிட்டான்."

இதைச் சொல்லும்போது அக்கா பக்கத்தில்தான் பின்னிக்கொண்டிருந்தாள். "மூலயெல்லாம் நல்லாத்தான் சேர்ந்திருந்துச்சு" என்றாள். அந்த மாசத்தில் அவள் அவர் தையலைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

மிச்சத்தையும் அவர் தைத்துக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பழைய இரும்புக்கடையில் கிடந்த ஒரு மெஷினைத் தூக்கிவந்து, இரண்டு நாள் பிரித்துப் போட்டு உட்கார்ந்து ஓட வைத்தார். லாட்ஜுக்குத் தலையணை உறை, ஜன்னல் திரை என்று பிடித்துக்கொண்டார். இப்போது டிப்போ ஆட்கள் உண்மையிலேயே கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தெரு பேசித் தீர்த்து, வேறு வீட்டுக்குப் போய்விட்டது. பாப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. இரண்டு மூன்று வாரம் வரவில்லை. அக்கா கூப்பிட்டு அனுப்பவும் இல்லை. ஒருநாள் அவளாகவே வந்து, "எனக்கு அந்த ரொட்டிய எப்படிச் செய்யறதுன்னு சொல்லு. எங்க வீட்ல அவர் கேக்கறார்" என்றாள்.

"அவர் கேக்கறாரா, நீ செய்யணும்னு நினைக்கிறியா?"

"நான்தான்" என்றாள் பாப்பா சலிப்போடு. அதற்குப் பிறகுதான் அக்கா மாவு டப்பாவைத் திறந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரர் வீட்டுக்கு வந்தார். அக்கா அன்றைக்குத்தான் ஒரு போர்வையை முடிக்கிற நிலையில் இருந்தாள். பெரியது. கறுப்பும் சிவப்பும் மஞ்சளும், ஒரு மூலையில் எங்கிருந்தோ வந்த பூப்போட்ட துண்டு. எந்த ஓரமும் எந்த ஓரத்தோடும் சேரவில்லை. மெஷினிலிருந்து வழிந்து பாதி அறைக்கு விரிந்து கிடந்தது. நான் ஒரு மூலையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் ஓவனுக்கு முன்னால் குந்தியிருந்தார். அன்றைக்கு ரொட்டி பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவருடையது.

லாட்ஜ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். வந்த விஷயத்தை மறந்துவிட்டார் போல. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லாட்ஜுக்குக் கேக்கல தங்கச்சி. இது எனக்கு. என் சொந்தக் கட்டிலுக்கு. என்ன வேணுமோ சொல்லுங்க."

அக்கா வாயைத் திறக்குமுன் ஓவன் பக்கமிருந்து ஃபோர்மேன் எழுந்து வந்துவிட்டார். கையில் கரித்துணி. மார்பை நிமிர்த்திக்கொண்டு, டிப்போ வாசலில் நின்று சொல்கிற குரலில் சொன்னார்:

"அந்தப் பேச்சே கிடையாது. அவ தெக்கறத விக்க மாட்டா. ஆர்டர் எடுக்க மாட்டா. யார் கேட்டாலும் இதான் பதில். நீங்க என் சிநேகிதர்னாலும் சரி."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். இதற்காவது ஒரு பாராட்டு வரும் என்று அவர் எதிர்பார்த்தார் என்பது பார்க்கிற எனக்கே தெரிந்தது.

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"அவர் என்னக் கேட்டாரா, உங்களக் கேட்டாரா?"

ஃபோர்மேனின் கை கரித்துணியோடு நின்றது. "உன்னத்தான். நீ என்ன சொல்லுவியோ அதைத்தானே சொன்னேன்?"

"நான் சொல்றத நான் சொல்லிக்கிறேன்." அவள் லாட்ஜ்காரர் பக்கம் திரும்பினாள். "இது விக்கிறதுக்கு இல்லைங்கண்ணே."

லாட்ஜ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணத்தானே தங்கச்சி சொல்றீங்க?"

"இல்லண்ணே" என்றாள் அக்கா. "அவர் சொன்னது அவர் சொன்னது. இது நான் சொன்னது."

 ஃபோர்மேன் ஓவனுக்குப் போய்க் கதவைத் திறந்தார். அக்கா போர்வையை இழுத்து ஊசிக்கு அடியில் நகர்த்தினாள். "உக்காருங்கண்ணே, ரொட்டி வெந்துடுச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.